பிறக்காத பிள்ளைக்கு உயிர்ச் சான்றிதழ்

அத்தியாயம் 14

போன வாரம் பூர்ணிமாவை அவள் மாமனாருடைய இரும்பு அலமாரிக்கு முன்னால், கையில் ஒரு கடிதத்தோடு நிற்கவைத்துவிட்டு வந்துவிட்டோம். பாவம், ஏழு நாளாக நின்றுகொண்டிருக்கிறாள். முதலில் அவளை உட்காரவைப்போம்.

உட்கார்ந்தாள். கட்டிலின் ஓரத்தில், எந்த நேரமும் எழுந்து ஓடிவிடுகிறவள் மாதிரி. வீட்டு வரி ரசீதைத் தேடப்போன இடத்தில், மாமனாரின் பென்ஷன் கோப்புக்குள் அகப்பட்ட கடிதம் அது. கருத்தரிப்பு மையத்திலிருந்து ஆகஸ்ட் மாதமே வந்திருக்கிறது. உறையைக் கத்தரிக்கோலால் ஒழுங்காக நறுக்கி, படித்து, மடித்து, துளை போட்டுக் கோத்தும் வைத்திருக்கிறார் மனிதர். அவளிடம் மட்டும் கொடுக்கவில்லை.

'தங்களுடைய உறைநிலைக் கருவைத் தொடர்ந்து பாதுகாக்க விரும்புகிறீர்களா என்பதைத் தொண்ணூறு நாட்களுக்குள் இருவரும் கையெழுத்திட்டுத் தெரிவிக்கவும். பதில் வராவிட்டால் தங்களுக்கு அது தேவையில்லை என்று எடுத்துக்கொள்ளப்படும்.'

தொண்ணூறு நாள் முடிந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன். பூர்ணிமா பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். தபால் நிலையத்தில் பதிவுத் தபால் கவுன்ட்டரில் இருக்கிறாள். ஊரார் கடிதத்தையெல்லாம் பத்திரமாகச் சேர்க்கிறவள் வீட்டுக் கடிதம் இப்படி ஆயிற்று பாருங்கள். அவள் காதலித்துக் கட்டிக்கொண்ட ஜோர்தான், நெல்லித்தோப்பில் சொல்தா வீட்டுப் பையன். அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர் வீட்டுப் பிள்ளை. பிரெஞ்சு வகுப்பு எடுக்கிறான்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம் பிள்ளை இல்லை. ஊசி, மாத்திரை எல்லாம் பார்த்துக் கடைசியில் ஐ.வி.எஃப். செய்துகொண்டார்கள். மூன்று கருக்கள் கிடைத்தன. மூன்றையும் உறையவைத்தார்கள். முதலாவது தங்கவே இல்லை. இரண்டாவது ஒன்பது வாரம் இருந்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்விட்டது. அவளுக்கு இப்போது முப்பத்தெட்டு. இனிப் புதிதாகக் கருமுட்டை எடுக்க வழியில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிச்சம் இருப்பது அந்த மூன்றாவது ஒன்றுதான்.

இரண்டரை வருஷமாக அதைப் பற்றி வீட்டில் பேச்சே கிடையாது. யாராவது வாயெடுத்தால் ஜோர்தான் எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விடுவான்.

பூர்ணிமாவின் அம்மா அஞ்சலாட்சிக்கு அது ஃபிரிட்ஜில் வைத்த சமாச்சாரம். பாகூரில் கரண்ட் போனால் உடனே போன் வரும். "அங்க கரண்ட் இருக்காடி? கெட்டுப் போயிடப்போவுது" என்பாள். போன வருஷப் புயலுக்கு அப்புறம் ஏனோ அந்தக் கேள்வி நின்றுபோயிருந்தது.

பூர்ணிமாவுக்கு அது ஒரு நாற்பது நொடி வீடியோ. கரு வளர்கிற பெட்டிக்குள்ளேயே கேமராவை வைத்து, ஐந்து நாள் எடுத்த படங்களைக் கோத்து மையத்தில் அனுப்பியிருந்தார்கள். ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும், அப்புறம் எண்ண முடியாது. கடைசியில் லேசாகச் சுருங்கி, மறுபடி விரிந்து, மூச்சு விடுகிற மாதிரி ஓர் அசைவு. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு, தபால் நிலையத்தின் பின்பக்க அறையில் அதை எத்தனை தடவை பார்த்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. அறிக்கையில் அதற்கு 'சி' தரம் போட்டிருந்தார்கள். சுமார் ரகம் என்று அர்த்தம். அன்றைக்கு வந்த கோபம் அவளுக்கு இன்னும் முழுசாக ஆறவில்லை. ஐந்து நாள் பிள்ளையைப் போய் யாராவது சுமார் என்று சொல்வார்களா?

அந்தச் சுமார் பிள்ளை இப்போது இருக்கிறதா, இல்லையா என்பதுதான் கேள்வி.

மையத்துக்குப் போன் போட்டாள். எடுத்த பெண் எண்ணைக் கேட்டுக் கணினியில் தட்டினாள். "ரெண்டு பேரோட பதிலும் சேந்து வரலைன்னு காட்டுது மேடம். தேதி தாண்டிடுச்சே" என்றாள். லேபில் கேட்டுத்தான் சொல்ல முடியுமாம், நேரில் வரச் சொன்னாள்.

அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு ஜோர்தானைக் கூப்பிட்டாள். வகுப்பில் இருந்தான். வெளியே வந்து, அவள் திக்கித் திக்கிச் சொன்னதை எல்லாம் கேட்டான்.

"போயிருந்தா போவட்டும், பூர்ணி."

"என்னா சொல்றீங்க?"

"இன்னொரு தடவ என்னால முடியாது. விட்டுடு."

அவள் பேச வாயெடுப்பதற்குள், பசங்க காத்திருக்காங்க என்று வைத்துவிட்டான். பூர்ணிமா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழக்கூடத் தோன்றவில்லை.

வாசலில் இரும்புக் குண்டுகள் ஒன்றோடொன்று முட்டுகிற சத்தம் கேட்டது. குண்டு வீசுகிற பெத்தாங் ஆட்டம் ஆடிவிட்டு மாமனார் அல்பேர் வந்துகொண்டிருந்தார்.

அல்பேருக்கு வயது எழுபத்து நாலு. பதினைந்து வருஷம் ராணுவத்தில் இருந்தவர். முழங்கால் இரண்டும் போய்விட்டன, ஒழுங்கு மட்டும் போகவில்லை. வீட்டுக்கு வருகிற காகிதம் எதுவானாலும் அவர் கையால் பிரிக்கப்பட்டு, துளை போடப்பட்டு, கோப்புக்குப் போகும். மனைவி கிளோதின் இருந்தவரை அவரைச் சத்தம்போட்டுப் பறித்துப் படிப்பாள். அவள் போய் இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது. இப்போது சத்தம்போட ஆளில்லை.

மற்ற நாளாயிருந்தால் பூர்ணிமா முதலில் காபி கொடுத்திருப்பாள். இன்றைக்குக் கடிதத்தை நீட்டினாள்.

"மாமா, இது ஏன் எங்கிட்ட வரல?"

அவர் கையைத் தூர நீட்டி வைத்துப் பார்த்தார். முகத்தில் ஒரு கலவரமும் இல்லை.

"இதுவா? இதுக்கெல்லாம் நான் எப்பவோ போயிட்டு வந்துட்டேனேம்மா. பொடிசுக்கு செர்த்திஃபிகா வாங்கியாச்சு."

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, செர்த்திஃபிகா என்ன என்று சொல்லிவிடுகிறேன். பென்ஷன் வாங்குகிற சொல்தாக்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை பிரான்சிலிருந்து ஒரு காகிதம் வரும். ஐயா, நீங்கள் இன்னும் உயிரோடு இருக்கிறீர்களா என்று கேட்கும். இருக்கிறேன் என்று இங்கிருந்து கத்தினால் ஆகாது. நேரில் போய் முகத்தைக் காட்டி, முத்திரை வாங்கி அனுப்ப வேண்டும். அதற்குப் பெயர் செர்த்திஃபிகா த வீ, உயிரோடு இருப்பதற்கான சான்றிதழ். அது போய்ச் சேராவிட்டால், ஆள் வீட்டில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தாலும் அவர்கள் பார்வையில் செத்தவர்தான். இந்த ஊரில் பாதிக் கிழவர்களுக்கு அந்தத் தேதி சொந்தப் பிறந்தநாளைவிட நன்றாக ஞாபகம் இருக்கும்.

கருத்தரிப்பு மையத்தின் கடிதத்தைப் பார்த்ததும் அல்பேருக்கு அந்தப் பழைய கேள்விதான் கண்ணில் பட்டிருக்கிறது. இன்னும் இருக்கிறாயா? வேண்டுமா, வேண்டாமா? மனிதர் நேரே கிளம்பிப் போய்விட்டார்.

"எதுலயாவது கையெழுத்து போட்டீங்களா மாமா?"

"போடச் சொன்னா போட்டிருப்பேன். அந்தப் பொண்ணு வாணாம்னுடுச்சு."

அவள் விரலை வைத்து அந்த வரியைக் காட்டினாள். அல்பேர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். இருவரும் கையெழுத்திட்டு. தொண்ணூறு நாட்களுக்குள். இரண்டு தடவை படித்தார். பிறகு இரும்புக் குண்டுப் பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் தப்பு பண்ணிட்டனாம்மா?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவளை ஒரு வார்த்தை கடிந்து பேசாத மனிதர். இரண்டாவது போன அன்று, இவள் கண்ணில் படக்கூடாது என்று தொட்டிலுக்கு வாங்கி வைத்திருந்த மரத்தை ராத்திரியோடு ராத்திரியாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவர். அது தனக்குத் தெரியும் என்று அவள் இதுவரை காட்டிக்கொண்டதில்லை.

"வண்டியில ஏறுங்க மாமா" என்று மட்டும் சொன்னாள்.

கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். கோரிமேட்டுச் சாலையில் பெரியாஸ்பத்திரிக்குப் போகிற பஸ்கள் இரண்டு பக்கமும் உறுமிக்கொண்டு போயின. ஜன்னலோரத்தில் ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டு வெளியூர்க்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சிக்னலில் வண்டி நின்றபோது அல்பேர் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து பேசினார்.

"முன்னாடி ரெண்டு வருஷமும் அதுவே போதுமா இருந்துச்சும்மா. அதனாலதான்."

முன்னாடி இரண்டு வருஷமா? பூர்ணிமா திரும்பிப் பார்த்தாள். பின்னால் நின்ற ஆட்டோக்காரர் ஹாரனை அமுக்கியதில் கேட்க முடியாமல் போயிற்று. முன்னாடி இரண்டு வருஷமும் மையத்திலிருந்து போன் வந்ததும் அவளும் ஜோர்தானும் பேச்சில்லாமல் போய்த்தான் கையெழுத்துப் போட்டு வந்தார்கள். இவர் எதற்குப் போனார்?

மையத்தின் காத்திருப்புக் கூடம் எப்போதும்போல இருந்தது. ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. சுவரில் புது இயந்திரம் ஒன்றைப் பற்றி விளம்பரம் ஒட்டியிருந்தார்கள். எந்தக் கரு தங்கும் என்று கணினியே கணித்துச் சொல்லிவிடுமாம். தன்னுடைய சி தரத்துக்கு அது என்ன மார்க் போடும் என்று நினைத்துக்கொண்டாள் பூர்ணிமா.

பதினைந்து நிமிஷம் கழித்து லேபிலிருந்து சுடர்விழி வந்தாள். கருக்களைப் பார்த்துக்கொள்கிற நிபுணர் அவள்தான். முப்பது வயதிருக்கும். தலையில் நீலத் தொப்பி. பூர்ணிமாவை அவள் பார்க்கவே இல்லை.

"வாங்க ஐயா. இந்த வருஷத்துக்குத்தான் வாங்கிட்டுப் போயிட்டீங்களே" என்றாள் அல்பேரைப் பார்த்து.

பூர்ணிமா கடிதத்தைக் காட்டி, வந்த விஷயத்தைச் சொன்னாள். இருக்கிறதா என்ற கேள்வியை மட்டும் கேட்கவில்லை. சுடர்விழி பட்டியலைப் பார்த்துவிட்டு, ஒரு நிமிஷம் இருங்க என்று உள்ளே போனாள்.

அந்த ஒரு நிமிஷம் பதினோரு நிமிஷமாயிற்று. பூர்ணிமா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அல்பேர் உட்காரவில்லை. முழங்கால் வலியோடு விறைப்பாக நின்றார்.

கதவு திறந்தது. "இருக்கு" என்றாள் சுடர்விழி.

பூர்ணிமா அழுதுவிட்டாள். கூடத்தில் இருந்த அத்தனை ஜோடியும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக அழுதாள். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் நிறுத்த முடியவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த முகம் தெரியாத பெண் ஒருத்தி ஒன்றும் கேட்காமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தேதி தாண்டியதும் வேண்டாதவை பட்டியலில் அதுவும் ஏறியிருக்க வேண்டியதுதானாம். 'குடும்பத்தில் ஒருவர் நேரில் வந்து விசாரித்தார், விளக்கம் கேட்கும் வரை நிறுத்திவைக்கவும்' என்று சுடர்விழி அதன் பேருக்கு எதிரில் பென்சிலால் எழுதிவைத்திருந்தாள். அந்தப் பென்சில் வரிதான் அதைக் காப்பாற்றியிருக்கிறது. கடிதத்தைக் கோப்பில் கோத்துக் காணாமலடித்த அதே மனிதர், அதே தப்பான எண்ணத்தோடு இங்கே வந்து நின்று அதைக் காப்பாற்றியும் இருக்கிறார். இவரை என்ன செய்வது, சொல்லுங்கள்.

முதல் வருஷம் அவர் வந்து நின்ற கதையையும் சுடர்விழி சொன்னாள். பெண்டாட்டி தவறிவிட்டாள் என்று பிரான்சுக்கு எழுதிப் போட்ட வாரமாம் அது. ஒரு காகிதம் செத்துப்போனதுக்கு எழுதினேன், இன்னொரு காகிதம் இருக்கிறதுக்கு வேணும் என்று கேட்டாராம். தொடர்ந்து வைப்பதற்கு மகனும் மருமகளும் கையெழுத்துப் போட்டாயிற்றே என்று சொல்லியும் போகவில்லையாம். கையெழுத்து போட்டதில் அவங்க இருக்காங்கன்னு தெரியுது, பொடிசு இருக்குன்னு எங்க தெரியுது என்றாராம்.

"உயிரோட இருக்குன்னு எழுத முடியாது ஐயா, உருக்கிப் பாத்தாதான் தெரியும்னு சொன்னேன்" என்றாள் சுடர்விழி. "எடுத்துப் பாக்க வாணாம். இருக்கா இல்லியா, அத மட்டும் எழுதுன்னாரு."

போன வருஷம் புயலுக்கு மறுநாள், தெருவெல்லாம் தண்ணீர் நிற்கும்போது, பேன்ட்டை முழங்கால் வரைக்கும் மடித்துக்கொண்டு வந்து நின்றாராம். கரண்ட் இல்லையே, அது என்னாச்சு என்று கேட்டாராம். அதை வைத்திருக்கிற கலத்துக்குக் கரண்ட் தேவையில்லை, திரவ நைட்ரஜன்தான் குளிரைக் காக்கிறது என்று அவள் சொன்னதை ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். பாகூரிலிருந்து அம்மாவின் போன் ஏன் நின்றது என்று பூர்ணிமாவுக்கு இப்போதுதான் புரிந்தது. சம்பந்தியம்மாளுக்கு இவர் போன் போட்டு விளக்கியிருக்கிறார்.

அல்பேர் கோப்பைத் திறந்து காட்டினார். பென்ஷன் காகிதங்களுக்கு அடுத்து, தனியாக ஒரு பிளாஸ்டிக் உறையில் மூன்று தாள்கள். மூன்றிலும் மையத்தின் முத்திரை. மூன்றிலும் ஒரே வாசகம்.

'பூர்ணிமா – ஜோர்தான் தம்பதியரின் கரு, எண் 3, இரண்டாம் கலத்தில், மஞ்சள் குழாயில் இருக்கிறது.'

பூர்ணிமா கடைசி வார்த்தையின் மேல் விரலை வைத்தாள். தரம் சி என்று எங்கேயும் போடவில்லை.

இத்தோடு வீட்டுக்குக் கிளம்பியிருந்தால் நல்ல நாளாகவே முடிந்திருக்கும். சுடர்விழி அவளை மட்டும் உள்ளறைக்குக் கூப்பிட்டாள். மேஜை மேல் ஒரு படிவம் இருந்தது. கடிதத்தோடு வந்த அதே படிவம். இரண்டு கட்டங்கள். 'தொடர வேண்டும்', 'தொடர வேண்டாம்'. இரண்டாவது கட்டத்தில் டிக் அடித்திருந்தது. கீழே கணவர் என்ற இடத்தில் கையெழுத்து.

ஜோர்தானுடைய கையெழுத்து. செப்டம்பர் மாதம் நாலாம் தேதி.

"மெயில் பாத்துட்டு அவரு மட்டும் வந்தாரு. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்" என்றாள் சுடர்விழி மெதுவாக. இருவரும் ஒரே பதிலைச் சொன்னால்தான் மையம் எதையும் செய்ய முடியுமாம். அவன் வேண்டாம் என்று போட்டிருக்கிற வரைக்கும் கருவை உள்ளே வைக்க முடியாது. வேண்டாதவற்றை என்ன செய்வது என்று முடிவெடுக்கிற கமிட்டி வெள்ளிக்கிழமை கூடுகிறது, அதற்குள் அவன் மாற்றிப் போட்டால் போடலாம், அதற்கு மேல் நிறுத்திவைக்கத் தன்னால் முடியாது என்றாள். இன்றைக்குப் புதன்.

பூர்ணிமா படிவத்தின் நகலை வாங்கிப் பைக்குள் வைத்தாள். வெளியே வந்தபோது அல்பேர் அந்த முகம் தெரியாத பெண்ணின் கணவனுக்குப் பெத்தாங் எப்படி ஆடுவது என்று கையால் விளக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் எதுவும் சொல்லவில்லை. வழியெல்லாம் காற்றில் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினாள்.

ஜோர்தான் ஆறு மணிக்கு வந்தான். சட்டையைக் கழற்றாமல் சாப்பாட்டு மேஜையில் வந்து உட்கார்ந்தான். கேட்கப் போகிறாள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. பூர்ணிமா சண்டைக்குத் தயாராகத்தான் காத்திருந்தாள். மத்தியானம் முழுக்க வார்த்தைகளை அடுக்கிவைத்திருந்தாள். அவன் கண்ணைப் பார்த்ததும் அடுக்கியதெல்லாம் சரிந்துவிட்டது.

படிவத்தை அவன் முன்னால் வைத்தாள். பக்கத்தில் அந்த மூன்று தாள்களை வைத்தாள்.

அவன் படிவத்தைத் தொடவில்லை. மற்றதை எடுத்துப் படித்தான். ஒன்று முடிந்து அடுத்தது, அதற்கடுத்தது. மூன்றும் ஒன்றுதான் என்று தெரிந்தும் மூன்றையும் கடைசி வரைக்கும் படித்தான். எங்கிருந்து வந்தது என்பதுபோல அப்பாவைப் பார்த்தான். அல்பேர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கிட்ட கேட்டிருக்கலாம்" என்றாள் பூர்ணிமா.

"கேட்டா வேணும்னு சொல்லுவ."

"சொல்லக்கூடாதா?"

அவன் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அன்னைக்கு ஞாயித்துக்கிழம, நீ பாத்ரூம் கதவ சாத்திகிட்ட. ஒரு மணி நேரம் வெளியில நின்னேன். கூப்பிட்டேன், நீ பேசல. அந்தக் கதவு முன்னாடி இன்னொரு தடவ நிக்க என்னால முடியாது பூர்ணி. அதுக்குத்தான் வேணாம்னு போட்டேன்."

பூர்ணிமா இதை எதிர்பார்க்கவில்லை. இரண்டரை வருஷமாக அவன் அதை மறந்துவிட்டான் என்றும், தான் மட்டும்தான் சுமக்கிறோம் என்றும் நினைத்திருந்தாள். மொட்டைமாடிக்குப் போனவன் அங்கே போய் என்ன செய்தான் என்று ஒரு நாளும் ஏறிப் பார்த்ததில்லை.

"உங்க முகத்தப் பாக்க முடியாமத்தான் சாத்தினேன்" என்றாள். "நீங்க அழுதிருந்தீங்கன்னா நான் செத்தே போயிருப்பேன். இந்தத் தடவ சாத்த மாட்டேன். தங்கினாலும் சரி, தங்காட்டியும் சரி, சாத்த மாட்டேன்."

அவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். அவள் எழுந்து போய் அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மாமனார் இருக்கிறார் என்றுகூடப் பார்க்கவில்லை. அல்பேர் ஜன்னலை விட்டுத் திரும்பவே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஜோர்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேச்சை மாற்றுகிறவன்போல அப்பாவின் கோப்பை இழுத்தான். முன்னும் பின்னும் புரட்டினான். மறுபடி புரட்டினான்.

"பப்பா, உங்க செர்த்திஃபிகா எங்க? இந்த வருஷத்தது?"

அல்பேர் தொண்டையைக் கனைத்தார்.

"போன வருஷத்துது இருக்கு, அதுக்கு முந்தினது இருக்கு. இந்த வருஷம் இல்லியே. எப்ப தேதி?"

"அஞ்சாந்தேதி."

"அஞ்சாந்தேதி போயிடுச்சு பப்பா."

விஷயம் மெதுவாக வெளியே வந்தது. இரண்டு வேலையையும் ஒரே நாளில் முடிப்பது அவர் வழக்கம். முதல் இரண்டு வருஷம் முத்திரை போடுகிற பிரெஞ்சு கான்சுலேட்டுக்கு முதலில் போய்விட்டுத்தான் மையத்துக்குப் போனார். இந்தத் தடவை கடிதத்தில் இருந்த மொழி ஏனோ பிடிக்காததால், முதலில் மையத்துக்குப் போயிருக்கிறார். அங்கே கூட்டம். சுடர்விழி வெளியே வர மதியமாகிவிட்டது. அதற்குள் கான்சுலேட்டில் கவுன்ட்டரை மூடிவிட்டார்கள். கையில் முத்திரை போட்ட காகிதத்தோடு திரும்பி வந்தவர், இந்த வருஷத்து வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்துவிட்டார்.

"அப்ப பிரான்சுல நீங்க இப்ப செத்துட்டீங்க" என்றான் ஜோர்தான்.

"அப்படித்தான் நினைச்சுகிட்டிருப்பாங்க" என்று ஒப்புக்கொண்டார் அல்பேர்.

முதலில் சிரித்தது பூர்ணிமாதான். அழுத கண்ணோடு, மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். ஜோர்தானும் சிரித்தான். அந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. செத்துப்போனவர் மட்டும் சிரிக்காமல், இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்கிற மாதிரி இருவரையும் பார்த்தார்.

சிரிப்பு அடங்கியபோது ஜோர்தான் அவள் பக்கம் கையை நீட்டினான். "அந்த வீடியோ வச்சிருக்கியே. காட்டு."

அவன் அதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பார்த்தால் மனசு ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தவன். பூர்ணிமா போனை எடுத்துக் கொடுத்தாள். ஒன்று இரண்டாயிற்று. இரண்டு நாலாயிற்று. ஜோர்தான் இமைக்காமல் பார்த்தான். கடைசியில் அது சுருங்கி விரிந்தபோது அவன் கட்டைவிரல் அப்படியே நின்றுவிட்டது.

"மூச்சு விடற மாதிரி இருக்கே."

"ஆமாம்" என்றாள் அவள்.

அவன் மறுபடி முதலிலிருந்து ஓட்டினான். படிவம் பக்கத்திலேயே கிடந்தது. எந்தக் கட்டத்தில் டிக் அடிக்கப் போகிறான் என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற கையெழுத்து அவளுக்கு வேண்டாம். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள்தான் நடுவில் இருந்தது.

"நாளைக்கு வகுப்பு இல்லேன்னு சொல்லிடறேன்" என்றான் ஜோர்தான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பப்பா, காலையில எட்டரைக்கு ரெடியா இருங்க. மொதல்ல கான்சுலேட்டுக்குப் போயி உங்கள உயிரோட எழுப்பிடுவோம். அப்புறம் அங்க போவோம்."

அல்பேர் மூன்று தாள்களையும் அடுக்கி, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, கோப்பை மூடினார்.

"வாணாம்பா. நான் எழுபத்தி நாலு வருஷமா இருக்கேன், ஒரு நாள் இல்லாம இருந்தா ஒண்ணும் ஆவாது. நீ இன்னும் அதுகிட்ட ஒரு தடவகூட முகத்தக் காட்டல. மொதல்ல அங்க போவோம்."